புடலங்காய் ஃபைலும் என் ரெஸ்யூமேயும்

1. அறுபத்திரண்டு பேர்

என் வேலை வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பின் நீளம் ஒன்பது நொடி. அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அறுபத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. யார் யார் என்று விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். சித்தி மகள், பால்காரர், பழைய ட்யூஷன் டீச்சர். அவர்களுக்குக் கீழே ஆரணியில் பட்டுப்புடவை உற்பத்தி செய்கிற நான்கு முதலாளிகளின் பெயர்கள். அந்த நான்கில் ஒன்று கோதண்டம். என் விரல் அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் கௌரி. மோஷன் கிராபிக்ஸ் டிசைனர். அதாவது, எழுத்தையும் படத்தையும் திரையில் அசைய வைக்கிற வேலை. சென்னை ஸ்டூடியோ ஒன்றுக்கு ஆரணியில் என் வீட்டிலிருந்தே செய்கிறேன். எங்கள் டீமுக்கு வருகிற ரெஸ்யூமேக்களை முதலில் படிப்பவளும் நான்தான். படித்துப் படித்து எரிச்சல் சேர்ந்துவிட்டது. அந்த எரிச்சல் பாதியும், என் முதல் ரெஸ்யூமேயை நினைத்தால் வருகிற சிரிப்பு பாதியுமாக இதை எழுதுகிறேன்.

2. துணி விழுகிற ஆபீஸ்

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஏழு வருஷம் ஆரணியிலேயே ஒரு கம்ப்யூட்டர் டிசைன் சென்டரில் இருந்தேன். புடவையின் பார்டர், முந்தி, உடம்பில் வருகிற புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். தறியின் தலையில் இருக்கிற ஜக்கார்டு பெட்டி படிக்கிற மாதிரி ஃபைலாக்கிப் பென் டிரைவில் கொடுக்க வேண்டும். சென்டரை நடத்தியவர் அப்பாண்டைராஜன். ஜைனர். ஊருக்கு அவர் நைனார், எனக்கு சார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் உண்டு. அதனால் ஐந்தரைக்கெல்லாம் ஆபீஸைப் பூட்டிவிடுவார். அந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே வேலை கேட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது சாப்ட்வேர் இல்லை. அறையில் நான்கு மானிட்டர். ஒவ்வொன்றின் தலையிலும் மடித்துப் போட்ட ஒரு துணி, சாயம் பிசகிய புடவையிலிருந்து வெட்டியது. வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டால் நான்கு திரையிலும் துணி விழ வேண்டும். வந்தவர் உட்கார்ந்த பிறகு அவருடைய டிசைன் இருக்கிற திரை மட்டும் திறக்கும். ஒருவர் டிசைன் இன்னொருவர் கண்ணில் பட்டால் அந்த சீசனே போய்விடும். போனில் ஒரு போட்டோ போதும், இரண்டு நாளில் அதே பார்டர் இன்னொரு தறியில் ஏறிவிடும்.

ஃபைலுக்கும் முதலாளி பெயர் வைக்க மாட்டோம். காய்கறிப் பெயர்தான். கோதண்டம் ஃபைல் புடலங்காய். அவருக்குப் போட்டியாக இருந்தவர் அவரைக்காய். ஒரு கட்டத்தில் காய்கள் தீர்ந்துபோக, "கேரட் வெச்சிரலாமா சார்?" என்றேன். மண்ணுக்குள் விளைவதை நைனார் வீட்டில் சமைப்பதில்லை என்பது அப்போது எனக்கு நினைவில்லை.

"வேணாம்மா. கொத்தவரங்கா இன்னும் யாருக்கும் குடுக்கலியே," என்றார், நிஜமாகவே யோசித்துவிட்டு.

நாங்கள் வெளியிலும் வாயைத் திறக்க மாட்டோம். கல்யாண வீட்டில் நான் வரைந்த மயில் ஒரு அத்தையின் தோளில் என்னைத் தாண்டிப் போகும். "நல்லா இருக்கு இல்ல?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். "ஆமாங்க," என்பேன். அவ்வளவுதான். டிசைன் போட்டவள் நான், ஆனால் டிசைன் என்னுடையது இல்லை. ஏழு வருஷத்தில் இது எனக்கு மூச்சுவிடுவது மாதிரி பழகியிருந்தது.

3. மூன்று பக்கம், நான்கு பக்கமும் ஜரிகை

சந்தைக்கு வந்துவிட்ட புடவைகளை ஸ்டேட்டஸில் காட்ட முதலாளிகள் சின்னச் சின்ன வீடியோ கேட்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு வேளையில் யூடியூப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். கீஃப்ரேம் என்றால் என்ன என்று புரிய ஒரு வாரம் ஆனது. ஒரு அசைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று புள்ளி வைத்தால், நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டர் நிரப்பிக்கொள்ளும். நான் வரைந்த ஒரு கிளி முதல்முறை தலையை ஆட்டியபோது எழுந்து நின்று கை தட்டினேன். சார் பயந்து துணியைப் போட்டுவிட்டார். அன்றே மனசு அந்தப் பக்கம் போய்விட்டது. கட்டத்துக்குள் நிற்கிற பறவைகளை வரைந்தது போதும், இனி அசைகிற வேலைதான் என்று முடிவு செய்து ரெஸ்யூமே எழுதினேன்.

அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மூன்று பக்கம். நான்கு ஓரத்திலும் ஜரிகை பார்டர், நானே வரைந்தது. அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவர், பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. கடைசியில், மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன், இடம்: ஆரணி, கையெழுத்து. நடுவில் திறமைகளுக்குக் கோடு கோடாக ஒரு பட்டியல். சாப்ட்வேர் அறிவு தொண்ணூறு சதவீதம், கிரியேட்டிவிட்டி தொண்ணூற்றைந்து சதவீதம். யார் அளந்தது, எந்தத் தராசில் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது அதே கோடுகளை இளைஞர்கள் எனக்கு அனுப்புகிறார்கள். நான் கேட்கிறேன்.

ஆனால் அதில் முக்கியமான ஓட்டை இதெல்லாம் இல்லை. அனுபவம் என்ற தலைப்பின் கீழ் நான் எழுதியது ஒரே வரி: பல வாடிக்கையாளர்களுக்குப் பல டிசைன்கள் செய்துள்ளேன். யாருக்கு, என்ன டிசைன், ஒன்றும் கிடையாது. ஒரு படமில்லை, ஒரு லிங்க் இல்லை. மானிட்டரில் போடுகிற துணியை ரெஸ்யூமேயிலும் போட்டு வைத்திருந்தேன். பதினோரு இடத்துக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

பன்னிரண்டாவது ஸ்டூடியோவிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் ஷாலினி, அங்கே கிரியேட்டிவ் ஹெட்.

"கௌரி, எல்லாம் எழுதியிருக்கீங்க. வேலையைக் காணோமே. ஷோரீல் எங்க?"

"பார்ட்டி டிசைனைக் காட்டக் கூடாதுங்க மேடம்."

"காட்டாம எப்படிங்க நான் உங்களை எடுக்கறது? டாக்டரா இருந்தா சர்டிஃபிகேட் பாத்துக்கலாம். மோஷன் டிசைனருக்கு ரீல்தான் ரெஸ்யூமே, பேப்பர் அதுக்குக் கவர். ஒரு வாரம் டைம் தர்றேன்."

ஷோரீல் என்பது நம் வேலைகளில் நல்ல துண்டுகளை ஒரு நிமிஷத்துக்குள் கோர்த்த வீடியோ. அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

4. முதல் ஒன்பது நொடி

ரீலில் சிறந்த வேலையை முதலில் வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியான பேச்சுதான். பார்ப்பவர் முதல் ஐந்து நொடியில் முடிவு செய்துவிடுகிறார், நானே அப்படித்தான் செய்கிறேன். அந்த வாரம் என்னிடம் இருந்த சிறந்த வேலை புடலங்காய் ஃபைல். ஆவணி முகூர்த்தத்துக்காகக் கோதண்டத்துக்கு நான் போட்ட அன்னம் பார்டர். இறக்கையை மூடி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிற அன்னங்கள். அப்போதுதான் அவருடைய பத்துத் தறியில் ஏறியிருந்தது. வெளியில் ஒருவரும் பார்த்ததில்லை.

சென்னைக்குத்தானே போகிறது, ஆரணியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நிறத்தை மாற்றினேன். அன்னங்களை நடக்க வைத்தேன். ரீலில் முதல் ஒன்பது நொடி அதுதான். லிங்க்கை ரெஸ்யூமேயில் சேர்த்து ஷாலினி மேடத்துக்கு அனுப்பினேன். அதோடு நின்றிருக்கலாம். சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலை அந்த ஒன்பது நொடியை வெட்டி, முழு ரீலின் லிங்க்கோடு ஸ்டேட்டஸில் போட்டேன். ஏழு வருஷம் கல்யாண வீடுகளில் மூடி வைத்த வாயை ஒரே காலையில் திறந்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெயர்களைப் பார்த்ததும் ஸ்டேட்டஸை அழித்தேன். ரீல் லிங்க்கை எடுக்கலாம் என்று கை வைத்தபோது போன் அடித்தது. ஷாலினி மேடம்.

"கௌரி, அந்த அன்னம் பிரமாதம். நாளன்னைக்கு இன்டர்வ்யூ. எங்க எம்.டி பாக்கணும், லிங்க் ஓபன்லயே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். லிங்க் இருந்தால் எனக்கு வேலை. லிங்க் இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கோதண்டத்தின் பத்துத் தறிக்கு ஆபத்து. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். உடனே எடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். பத்து நிமிஷம் கழித்து எடுத்தேன். அந்த வேலையைக் காட்ட எனக்கு அனுமதி இல்லை, மன்னியுங்கள், வேறு ரீல் இப்போது என்னிடம் இல்லை என்று ஷாலினி மேடத்துக்கு மெயில் போட்டேன். அந்த இடத்துக்கு அடுத்த வாரமே வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

5. கோதண்டம் வீடு

முதலில் சாரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. யாரும் வராமலேயே எழுந்து போய் என் மானிட்டரில் துணியைப் போட்டார். எனக்கு அது அறை வாங்கினதை விட மோசமாக இருந்தது.

"அவருகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் சார்."

"அப்ப ஜல்தி போ. அவரா வர்றதுக்கு முன்ன நீ போயிடணும்."

கோதண்டம் வீட்டின் முன்கட்டிலேயே ஜரிகைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வாம்மா கௌரி. காலைல உன் ஸ்டேட்டஸ் பாத்தேன். பொம்ம சூப்பரா ஆடுது. ரெண்டு தபா பாத்தேன்," என்றார்.

அவருக்குத் தெரியவில்லை. சின்னத் திரை, வேறு நிறம், நடக்கிற அன்னம். பார்த்தும் அது தன்னுடைய பார்டர் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பேசாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அந்த எண்ணம் வராமல் இல்லை, வந்தது.

"முதலாளி, அது நம்ம அன்னம்தாங்க," என்றேன்.

"எந்த அன்னம்?"

"தறியில ஏறியிருக்கிற பார்டர்."

கையிலிருந்த ஜரிகைக் கட்டு கீழே விழுந்தது. "பத்துத் தறிம்மா! பத்துத் தறியில ஓடிகினு இருக்குது! பேஜார் பண்ணிட்டியே! வேற யாரு பாத்தா?"

பெயர்களைச் சொன்னேன். அவரைக்காய் முதலாளியின் பெயர் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவன் கண்ணு என்ன மாதிரி இல்லம்மா. அவன் கண்டுபுடிச்சிருப்பான். இத்தினி நாளா உன்ன நம்பி உட்டேன். இன்னாத்துக்கு இந்த வேல உனக்கு?"

அவர் திட்டி முடிக்கிற வரை நின்றேன். நியாயமான திட்டு. அவர் ஓய்ந்ததும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "வெளிய போனது பார்டர் மட்டும்தாங்க முதலாளி. புடவை உடம்பை நெய்து முடிச்சி கடைசியிலதான் முந்தி வரும். முந்தி டிசைன் இன்னும் தறிக்குப் போகல. மூணு நாள் குடுங்க. பார்டரைக் காப்பி அடிச்சாலும் முந்தியை அடிக்க முடியாத மாதிரி பண்றேன்."

"மூணு நாளு. அதுக்கு மேல ஒரு நாளு ஆனாலும் நான் வேற எடம் பாத்துக்குவேன்," என்றார். வாசல் வரை வரவில்லை.

6. முந்தியில் ஏறிய கீஃப்ரேம்

அந்த முந்தியில் பழைய மாங்காய்தான் போடுவதாக இருந்தது. அதைத் தூக்கிவிட்டுப் பார்டரில் நிற்கிற அதே அன்னத்தை எடுத்தேன். முந்தியில் பன்னிரண்டு வரிசை. அடி வரிசையில் அன்னம் இறக்கையை மூடி நிற்கும். அடுத்த வரிசையில் கொஞ்சம் தூக்கும். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். பன்னிரண்டாவது வரிசையில் முழுசாக விரித்துப் பறக்கும். அனிமேஷனில் ஒவ்வொரு ஃப்ரேமாக வருவதை, புடவையில் வரிசை வரிசையாக அடுக்கினேன். எல்லா வரிசையிலும் ஒரே அளவு விரிந்தால் மெஷின் மாதிரி இருக்கும். முதலில் மெதுவாக, நடுவில் வேகமாக, கடைசியில் மறுபடி மெதுவாக விரிய வைத்தேன்.

இரண்டாம் நாள் மாட்டிக்கொண்டேன். எட்டாவது வரிசைக்கு மேல் விரிந்த இறக்கை பக்கத்து அன்னத்தின் கழுத்தில் போய் ஏறியது. திரையில் என்றால் அகலத்தை இழுத்துவிடலாம். தறியில் பாவு நூலைத் தூக்குகிற ஊக்குகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு கட்டம் கூட நகர முடியாது. சாரும் நானும் மத்தியானம் முழுக்க அதை முறைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில், அடி வரிசையில் இரண்டு அன்னம் நிற்கிற இடத்தில் மேல் வரிசைகளில் ஒரே அன்னம் என்று வைத்தேன். அப்போதுதான் பறவைகள் கலைந்து வானத்துக்குப் போகிற மாதிரி ஆனது. வேண்டுமென்று செய்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

மூன்றாம் நாள் கோதண்டம் வந்தார். நான்கு துணியும் விழுந்தன, ஒன்று மட்டும் திறந்தது. அவர் விரலைத் திரையில் வைத்து அடி வரிசையிலிருந்து மேலே கொண்டுபோனார். மறுபடி ஒருமுறை கொண்டுபோனார். "ஏத்து," என்றார்.

ஆவணியில் அதே அன்னம் பார்டர் இன்னொரு முதலாளி பெயரில் கடைக்கு வந்தது, கழுத்தும் காலும் அப்படியே. முந்தியில் மட்டும் மாங்காய். கடைகளில் பெண்கள் பறக்கிற முந்திதான் வேண்டும் என்று கேட்டார்கள். கோதண்டம் பத்துத் தறியிலும் அதையே மறுபடி ஏற்றினார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் சென்டருக்கு வந்தவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அந்த ஆடற பொம்ம வீடியோ இன்னும் வெச்சிகினு இருக்கியா? இப்ப போட்டுக்கோம்மா. சரக்கு எல்லாம் போயிடுச்சி. போடறப்ப கீழ நம்ம பேரையும் போடு."

7. ஒரு பக்கம்

இரண்டாவது ரெஸ்யூமே ஒரே பக்கம். ஜரிகை கிடையாது, சதவீதக் கோடு கிடையாது, அப்பா பெயர் கிடையாது. பெயருக்குக் கீழே முதல் வரியிலேயே ரீல் லிங்க். அதற்குக் கீழே மூன்றே வேலை. ஒவ்வொன்றிலும் என்ன பிரச்சினை, நான் செய்த பங்கு எது, என்ன ஆனது என்று மூன்று வரி. முதல் வேலை அன்னம். பார்டர் அசைகிற வீடியோ, பறக்கிற முந்தியின் படம், உரிமையாளர் அனுமதியுடன் என்று ஒரு குறிப்பு. காட்ட முடியாத வேலைகளைப் பற்றி ஒரே வாக்கியம்: ஏழு வருஷ டிசைன்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொந்தம், அதனால் இங்கே இல்லை.

அடியில் ரெஃபரன்ஸ் எழுத வேண்டும், அதாவது என்னைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடியவர்கள். எல்லோரும் காலேஜ் பேராசிரியர் பெயரைப் போடுவார்கள். நான் நைனார் சார் பெயரைப் போட்டேன். இரண்டாவது பெயரை எழுதுவதற்கு முன் கோதண்டம் வீட்டுக்குப் போனேன்.

"நானா? நான் இன்னாத்த சொல்றது? எனக்கு இங்கிலீஷ் வராதும்மா."

"தமிழ்லதான் கேப்பாங்க முதலாளி. நடந்ததைச் சொல்லுங்க, போதும்."

"நடந்தது எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுமுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நம்பரைச் சொன்னார்.

அதே ஸ்டூடியோவுக்குத்தான் அனுப்பினேன். இன்டர்வ்யூவில் ஷாலினி மேடம் முந்திப் படத்தில் பேனாவை வைத்து, "மோஷன் வேலைக்குப் புடவையை எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். ஸ்டேட்டஸிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. "இங்க வர்ற கிளையண்ட் பொருள் எல்லாம் ஆறு மாசம் கழிச்சுதான் மார்க்கெட்டுக்குப் போகும். ஒரு ஃப்ரேம் வெளிய போனாலும் எங்க கதை முடிஞ்சது," என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். பஸ்ஸில் ஆரணி வருகிற வரை, போச்சு, போச்சு என்றே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

8. நம்பர் மாறினால்

இரண்டு நாள் கழித்துக் கோதண்டம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முகம் சரியில்லை.

"நீ எழுதிப் போட்ட ஆபீஸ்லருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. இந்தப் பொண்ண நம்பலாமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நடந்ததச் சொன்னேன். 'என் டிசைன வெளிய உட்டுச்சி. நான் பாத்தும் எனக்குத் தெரியல. வாய மூடிகினு இருந்திருந்தா இன்னிக்கி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. ஊடு தேடி வந்து சொல்லிச்சி. நான் திட்டுனதுக்கு எதிர்த்து ஒரு வார்த்த பேசல, மூணு நாள்ல சரி பண்ணி குடுத்துச்சி. அப்புறம் இன்னா வேணும் உங்களுக்கு?'ன்னேன். அவங்க தேங்க்ஸ்னு சொல்லி வெச்சிட்டாங்க. கொஞ்சம் கோவமா பேசிட்டனோன்னு இருக்குது. உன் வேலைய கெடுத்துட்டனாம்மா?"

"இல்லீங்க முதலாளி," என்றேன். மறுநாள் காலை வேலைக்கான ஆர்டர் மெயிலில் வந்தது.

இப்போது ரெஸ்யூமே வந்தால் ரீலைப் பார்த்துவிட்டு நேரே கடைசி வரிக்குப் போகிறேன். அங்கே இருக்கிறவருக்குப் போன் செய்து, நல்ல பிள்ளையா என்று கேட்பதில்லை. யாரைக் கேட்டாலும் நல்ல பிள்ளை என்றுதான் சொல்வார்கள். உங்களிடம் ஏதாவது தப்பு செய்திருக்கிறாரா, செய்த பிறகு என்ன செய்தார் என்று கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் பெயரை எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காக எத்தனை சதவீதக் கோடுகளை வேண்டுமானாலும் மன்னித்துவிடுவேன்.

என் ரெஸ்யூமே இன்றும் ஒரே பக்கம்தான். வேறு வேலை தேடுகிற எண்ணம் இல்லை, ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை திருத்தி வைப்பேன். போன மாதம் கோதண்டம் வாசலில் வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். இறங்கவில்லை.

"போன் நம்பர் மாத்திட்டேம்மா. உன் பேப்பர்ல பழசு இருக்குமே. மாத்தி வெச்சிக்கோ, யாராவது கேட்டா நான் இருக்கணும் இல்ல?"

உள்ளே போய் முதல் வேலையாக மாற்றினேன்.